டெலி டர்க்கி, ஹாம் விலையை ஊர்வாரியாகக் குறித்து வைப்பது எப்படி?

கொலம்பஸ்வாசி:
நான் ஒஹாயோவில் கொலம்பஸில் இருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கு டர்க்கி (வான்கோழி) சாண்ட்விச்தான், டெலி இறைச்சி (சமைத்துச் சீவி விற்பது) வாரம் 2 பவுண்டு தீர்ந்துவிடும். 2021லிருந்து வாங்கிய விலையை எல்லாம் எக்செலில் ஏற்றி வருகிறேன். அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள், அவளும் பில்லைப் படமெடுத்து அனுப்புவாள், அதையும் ஏற்றிவிடுவேன். ஆனால் இத்தனை வருடக் கணக்கு இருந்தும், ஒஹாயோவில் அதிகம் ஏறியதா அங்கே அதிகம் ஏறியதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் கவுன்டரில் சீவி வாங்கியது, அடுத்த மாதம் பாக்கெட், நடுவில் தள்ளுபடி விலை, எல்லாம் ஒரே பத்தியில் கிடக்கிறது. அரசுப் புள்ளிவிவரத்தில் பிராந்தியவாரியாகக் கிடைக்குமா? இல்லை, என் கணக்கையே ஒழுங்குபடுத்த வழி உண்டா?

எண்கணக்கன்:
அரசுக் கணக்கு பாதி தூரம்தான் வரும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பான பிஎல்எஸ் மாதாமாதம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் 'லஞ்ச்மீட்ஸ்' (சாண்ட்விச்சுக்கான இறைச்சி) என்று தனி வரிசை உண்டு, ஆனால் அது நாடு முழுவதற்குமான குறியீட்டெண், டாலர் விலை அல்ல. டாலரில் சராசரி விலை தரும் பட்டியல் வேறு, அதில் எலும்பில்லாத ஹாம் (பன்றித்தொடை இறைச்சி) இருக்கிறது, சீவிய டர்க்கி இல்லை. பிராந்தியம் என்றாலும் வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு என நான்குதான், ஆக ஒஹாயோவும் மினசோட்டாவும் ஒரே கூடையில் விழும். அமெரிக்க வேளாண் துறையான யுஎஸ்டிஏ வாராவாரம் கடைகளின் விளம்பர விலையைப் பிராந்தியவாரியாகத் தொகுக்கிறது, ஆனால் அது தள்ளுபடி விலை மட்டும்.

இன்னொன்று, 2022ஐ அடிப்படை ஆண்டாக வைக்காதீர்கள். அந்த ஆண்டு பறவைக் காய்ச்சலில் வான்கோழிப் பண்ணைகள் ரொம்ப அடிபட்டு டர்க்கி விலை எகிறியது, அங்கிருந்து அளந்தால் பின்னால் ஏறியதெல்லாம் சின்னதாகத் தெரியும். அப்புறம் 2025 அக்டோபருக்கு அரசு எண்ணைத் தேடாதீர்கள். அரசு முடங்கியதால் அந்த மாத விலைக் குறியீடே வெளிவரவில்லை.

சீவல்மெஷின்:
அக்கா, நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் டெலி கவுன்டரில் மூன்று வருடம் நின்றவன். விலையைவிட எடையை முதலில் பாருங்கள். 9 அவுன்ஸ் பாக்கெட் 4.49 டாலர் என்றால் பவுண்டுக்கு 7.98. அதே 4.49க்கு 7 அவுன்ஸ் பாக்கெட் வந்தால் பவுண்டுக்கு 10.26 ஆகிவிட்டது, உங்கள் எக்செலில் மட்டும் விலை ஏறவே இல்லை என்று இருக்கும். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், அதனால் எல்லா விலையையும் அவுன்ஸால் வகுத்து 16ஆல் பெருக்கிவிடுங்கள்.

ஹாமில் லேபிளையும் எழுதி வையுங்கள், இது முக்கியம். வெறும் 'ஹாம்' என்று இருந்தால் கொழுப்பு நீங்கலாகப் புரதம் குறைந்தது 20.5 சதவீதம், 'நேச்சுரல் ஜூசஸ்' என்றால் 18.5, 'வாட்டர் ஆடட்' (தண்ணீர் சேர்த்தது) என்றால் 17. அதற்கும் கீழே போனால் 'ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்'. புரதம் குறையக் குறையத் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். உங்கள் அக்கா வாங்குவது ஒன்று, நீங்கள் வாங்குவது வேறு என்றால் எந்த ஊரில் மலிவு என்ற கேள்விக்கே இடமில்லை, தண்ணீரின் விலையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ரசீதுப்பை:
உங்கள் ஊரில் க்ரோகர் சூப்பர் மார்க்கெட் உண்டு, நியூஜெர்சியில் கிடையாது. அதனால் இரண்டு ஊரிலும் உள்ள கடையாக, வால்மார்ட் அல்லது ஆல்டி, ஒன்றைப் பிடித்து ஒரே பொருளை மாதம் ஒரே வாரத்தில் குறியுங்கள். வழக்கமான விலைக்கு ஒரு பத்தி, தள்ளுபடிக்கு ஒன்று. டெலிவரி ஆப்பில் காட்டும் விலையை எடுக்காதீர்கள், பல கடைகளுக்கு அது கடையில் இருப்பதைவிடக் கூடுதல். நிரல் எழுதத் தெரிந்தால் க்ரோகருக்கு ஏபிஐ (நிரல் மூலம் தகவல் எடுக்கும் வழி) இருக்கிறது, கடை எண்ணைக் கொடுத்தால் வழக்கமான விலையும் தள்ளுபடி விலையும் தனித்தனியாக வரும்.

கொலம்பஸ்வாசி:
ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பழைய பில்லை எல்லாம் பிரித்தேன். நியூஜெர்சி வரிசையில் முக்கால்வாசி தள்ளுபடி நாளில் வாங்கியது, என் வரிசையில் அப்படி மூன்றோ நான்கோதான். அங்கே மலிவு என்று இவ்வளவு நாள் அக்கா சொன்னதற்கு இதுதான் காரணம் போல. பாக்கெட் எடை பல பில்லில் இல்லை, அந்த வரிகளை எடுத்துவிட்டேன். இந்த மாதத்திலிருந்து இருவரும் வால்மார்ட்டில் ஒரே டர்க்கி பாக்கெட், மாதத்தின் முதல் வாரம். ஹாம் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கவுன்டரில் சீவுவதற்கும் பாக்கெட்டுக்கும் தனித்தனித் தாள் போடட்டுமா, இல்லை ஒரே தாளில் குறியீடு வைத்தால் போதுமா?

சீவல்மெஷின்:
தனித்தனியாகவே போடுங்கள் அக்கா.