மழைத்தண்ணீரில் பிஹெச் 7 காட்டுகிறது, அப்படியென்றால் சிங்கப்பூரில் அமில மழை இல்லையா?

ஜூரோங்_அம்மா:
வணக்கம். மகன் உயர்நிலை 2 படிக்கிறான். அறிவியல் பாடத்துக்காக அமில மழையைப் பற்றிச் செய்துகாட்ட வேண்டுமாம். எங்கள் புளோக் தாழ்வாரத்துச் சுவர் விளிம்பிலிருந்து சொட்டிய மழைத்தண்ணீரை ஐஸ்கிரீம் டப்பாவில் பிடித்தோம். புளிப்பை அளக்கும் பிஹெச் தாளை நனைத்தால் பச்சை, 7க்குக் கொஞ்சம் மேலேயே காட்டுகிறது. 7க்குக் கீழே போனால்தான் அமிலமாம். எண்ணெய், ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மழை சுத்தமா? மாமியாரோ, "அமில மழைடா, நனைஞ்சா முடி கொட்டிடும்" என்று பேரனை அதட்டுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்வாசி:
அக்கா, இங்கே மின்சாரம் அநேகமாக முழுவதும் இயற்கை எரிவாயுவில்தான் தயாராகிறது. நிலக்கரி எரிப்பது மிகக் குறைவு. அமில மழை எல்லாம் சீனா, ஐரோப்பா பக்கத்துப் பிரச்சினை.

எஞ்சின்ரூம்:
தெம்பனிஸ் தம்பி, நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. எரிவாயுவில் கந்தகம் மிகக் குறைவு, உண்மை. ஆனால் எந்த எரிபொருளானாலும் தீ நன்றாகச் சூடேறினால் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிவிடும். அதிலிருந்து நைட்ரிக் அமிலம். கார், லாரி, மின்நிலையம் எல்லாவற்றிலும் இது உண்டு.

அக்கா, உங்கள் 7க்குக் காரணம் சிமெண்ட். எந்த மாசும் இல்லாத மழைகூடக் கரியமில வாயு கரைந்து 5.6 அளவுக்குப் புளித்துத்தான் இருக்கும். சிமெண்ட்டில் சுண்ணாம்பு இருப்பதால், விளிம்பில் வழியும்போதே அமிலம் முறிந்துபோகும். உங்கள் டப்பாவில் விழுந்தது சுவரைக் கழுவிய தண்ணீர்.

நான் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவன், அதனால் கந்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கப்பலுக்கு ஊற்றும் கனரக எண்ணெய் சூடாக்கினால்தான் பம்பில் ஏறும், அவ்வளவு கெட்டி. 2019 முடியும்வரை நடுக்கடலில் ஓடும் கப்பலின் எண்ணெயில் 3.5 விழுக்காடு கந்தகம் இருக்கலாம் என்பது விதி. ஒரு டன்னுக்கு 35 கிலோ. எரிந்தால் ஆக்சிஜனும் சேர்ந்து எடை இரட்டிப்பாகி, 70 கிலோ கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போகும். உலகிலேயே அதிகக் கப்பல் எண்ணெய் விற்பனையாகும் துறைமுகம் நம்முடையது, யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கந்தகம் என்ன செய்யும் என்பதை எஞ்சினுக்குள்ளேயே பார்க்கலாம். சிலிண்டர் லைனரின் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் உறை) உள்சுவர் தேவைக்கு மேல் குளிர்ந்தால், புகையிலுள்ள ஈரமும் கந்தகமும் சேர்ந்து கந்தக அமிலமாகப் படியும். லைனரில் விரலை வைத்தால் வழவழப்பு போய்ச் சொரசொரவென்று இருக்கும். அதை முறிக்கவே காரம் கலந்த சிலிண்டர் எண்ணெயை ஓயாமல் விடுகிறோம். மேகத்துக்குள் நடப்பதும் இதே வேதியியல்தான், அங்கே காரம் விட ஆள் இல்லை.

2020 ஜனவரி 1 முதல் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு வரம்பை 0.5 ஆக்கியது. நல்ல காரியம். ஆனால் சில கப்பல்கள் பழைய எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவி, அந்த அமிலத் தண்ணீரைக் கடலிலேயே விடுகின்றன. சிங்கப்பூர் அதே நாளிலிருந்து தன் துறைமுக எல்லைக்குள் அதைத் தடை செய்துவிட்டது. மற்ற கடல்களிலும் தடை வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடல் என்ன பாவம் செய்தது?

மாமியாரிடம் சொல்லுங்கள், முடி கொட்டாது. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2, மழை அதைவிட எவ்வளவோ நீர்த்தது. நனைவதைவிட அந்த வாயுக்களையும் நுண்துகள்களையும் சுவாசிப்பதுதான் கெடுதல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரொம்பவே.

ஜூரோங்_அம்மா:
நன்றி அண்ணே. தோலுக்கு ஒன்றும் ஆகாதென்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு என்று எதைச் சொல்கிறார்கள்? நம் நீர்த்தேக்கத்து மீனுக்கு ஆபத்தா?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
அம்மா, இதற்குச் சுவீடன், நார்வே ஏரிகளைத்தான் எடுத்துக்காட்டச் சொல்வேன். அங்கே அடியில் கருங்கல், அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்புச் சத்து இல்லை. பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரிந்த நிலக்கரியின் கந்தகம் காற்றோடு போய் அங்கே இறங்கியது. பிஹெச் 5க்குக் கீழே போனால் பல மீன்களின் முட்டை பொரிக்காது. அதோடு, மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியத்தை அமிலம் கரைத்து ஏரிக்குள் கொண்டுவரும், அது செவுளில் படிந்து மீன் மூச்சுத் திணறும். பாசியும் பூச்சியும் குறைந்து தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். பார்க்க அழகான ஏரி, உள்ளே உயிர் இல்லை. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

காடுகளில் மண்ணின் கால்சியமும் மக்னீசியமும் அரித்துப் போகும். மழை சரியானாலும் மண் தேற வெகுகாலம் பிடிக்கிறது. எல்லை தாண்டும் இந்த மாசுக்காகவே 1979இல் ஜெனீவாவில் நாடுகள் ஒப்பந்தம் போட்டன. பளிங்கும் கரையும். தாஜ்மகால் பக்கத்து ஆலைகள் நிலக்கரியை விட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரவிட்டது அதனால்தான்.

நம் மண்ணும் ஓயாத மழையில் கழுவப்பட்டு இயல்பிலேயே புளித்த மண், அமிலத்தை முறிக்கும் சத்து அதிலும் குறைவு. ஆனால் நீர்த்தேக்கத்து மீனுக்கு ஆபத்தா என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. குடிநீரைப் பற்றிக் கவலை வேண்டாம், சுத்திகரிக்கும்போதே சரிசெய்துவிடுவார்கள்.

எஞ்சின்ரூம்:
மகனுக்கு ஒரு யோசனை அக்கா. கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் டப்பாவை, கூரையோ மரமோ மேலே இல்லாத திறந்த வெளியில் வைக்கட்டும். மழை தொடங்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் தூசி விழும். சில நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையைத் தனியாகவும், நெடுநேரம் பெய்த மழையின் கடைசிப் பகுதியைத் தனியாகவும் பிடிக்கட்டும். விடியற்காலையில் மேற்கிலிருந்து சுமத்ரா காற்றோடு வரும் மழை கிடைத்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். மழைத்தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் தாள் சரியாகக் காட்டாது, பள்ளி ஆய்வகத்து மீட்டரைக் கேட்டு வாங்கி, எண் நிலைக்கும்வரை பொறுத்திருந்து எழுதட்டும். பக்கத்திலேயே அந்தச் சிமெண்ட் விளிம்புத் தண்ணீரையும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவுகளை இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.