எஃப்ஏ கோப்பை 2024-25: டிரா ஆனால் மறு ஆட்டம் இல்லையா?

கேள்வி: இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையில் சின்ன கிளப் டாம்வொர்த் 90 நிமிடம் லண்டனின் டாட்டன்ஹாமை 0-0 என்று நிறுத்தியது. பிறகு ஏன் லண்டனில் மறு ஆட்டம் நடக்கவில்லை? கிரிஸ்டல் பேலஸ் கோப்பை வென்றும் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கில் ஏன் இல்லை?

பதில் 1: அந்த சீசனில் முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். டிரா என்றால் அன்றே 30 நிமிடம் கூடுதல் நேரம், அதிலும் சமன் என்றால் பெனால்டி. டாம்வொர்த் ஐந்தாம் நிலை லீக்கில் ஆடும் அணி. கூடுதல் நேரத்தில் கால் சோர்ந்து 3 கோல் வாங்கியது. பழைய விதியில் டாட்டன்ஹாம் மைதானத்தில் இன்னொரு ஆட்டம், டிக்கெட் வசூலில் பங்கு. சின்ன கிளப்புக்கு அது பல மாதச் சம்பளம். பெரிய கிளப்புகளின் கால அட்டவணைக்காகச் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பதில் 2: வீடியோ நடுவர்கூட ஐந்தாம் சுற்றிலிருந்துதான். பிளைமவுத் நான்காம் சுற்றில் லிவர்பூலை 1-0 என வீழ்த்தியபோது அது கிடையாது.

பதில் 3: பேலஸ் விஷயம் வேறு. 2025 மே 17 இறுதியில் பேலஸின் எஸே 16-வது நிமிடத்தில் அடித்த கோல், அதன் கோல்கீப்பர் ஹென்டர்சன் தடுத்த மர்மூஷின் பெனால்டி, மான்செஸ்டர் சிட்டி 0-1 எனத் தோற்றது. யூரோப்பா லீக் இடம் உறுதிதான். ஆனால் பேலஸ், பிரான்ஸின் லியோன் இரண்டு கிளப்பிலும் அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் டெக்ஸ்டருக்கு உரிமைப் பங்கு; ஒரே ஆளின் செல்வாக்குள்ள இரண்டு அணிகள் ஒரே போட்டியில் ஆட முடியாது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் கெடு 2025 மார்ச் 1, அதற்குள் உரிமையைப் பிரிக்கவில்லை. பேலஸை அடுத்த கீழ்நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்கு இறக்கினார்கள், மேல்முறையீடும் தோற்றது. அந்த இடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு.