இரண்டரை வயசாகப் போகுது, பிள்ளைக்குப் பேச்சு இல்லை: முதல்ல எங்க காட்டணும்?

களக்காடு_அங்கன்வாடி

எங்க மையத்துக்கு வர்ற ஆண் பிள்ளை, வயசு 2 வருஷம் 5 மாசம். நடை, ஓட்டம் எல்லாம் சரிதான். ‘அம்மா’ன்னுகூட சொல்லலை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எப்பவாவதுதான் திரும்புதான். ஆனா சத்துமாவு டப்பா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டா ஓடி வாரான். எது வேணுமோ, நம்ம மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அதுமேல வைக்கான். விரல் நீட்டிக் காட்ட மாட்டேங்கான். வீட்டுல ஆச்சி, ‘இவன் மாமாவும் நாலு வயசுலதான் பேசுனான்’னு சொல்லி வசம்பு உரசி நாக்குல தடவுதாங்க. நாக்குக்கு அடியில வெட்டிவிடணும்னு வேற ஒருத்தர் சொல்லியிருக்காங்க. யார்ட்ட முதல்ல காட்ட? என்ன பிரச்சினைன்னு தெரியாம எதையாவது ஆரம்பிக்கலாமா? மையத்துல நான் என்ன செய்ய?

செவித்திறன்_பாளை

முதல்ல காது, டீச்சர். டப்பா சத்தத்துக்கு ஓடி வாரான், அதனால காது நல்லா இருக்குன்னு முடிவு கட்டாதீங்க. மூடிச் சத்தம் பலமானது. பேச்சுல வர்ற ச, த மாதிரி எழுத்துகளோட ஒலி மெலிசு. அது மட்டும் கேக்காத பிள்ளைகளும் உண்டு.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டைப் பிரிவுல காட்டுங்க. ரெண்டு பரிசோதனை: ஓஏஇ, அப்புறம் காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பையும் பாக்கிற பெரா. ஓஏஇ சில நிமிஷத்துல முடியும், ஆனா அது உள்காது வரைக்கும்தான் பாக்கும். நரம்புல கோளாறு இருந்தாலும் ‘பாஸ்’னு வந்துரும். பேச்சே இல்லாத பிள்ளைக்கு அதோட திரும்பி வந்துராம பெராவையும் கேட்டு வாங்குங்க. சளி பிடிச்சிருக்கும்போதும் காதுல அழுக்கு அடைச்சிருக்கும்போதும் ஓஏஇ தப்பா ‘ஃபெயில்’ காட்டும். சளி தீர்ந்த பிறகு போங்க, காதுல எண்ணெய் விடவே வேண்டாம்.

பெராவுக்குப் பிள்ளை அசையாமத் தூங்கணும். கெட்டுப்போறது இங்கதான்: களக்காட்டுல இருந்து வர்ற பஸ்ல ஜன்னல் காத்துக்கு அயர்ந்து தூங்கிட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல முழிச்சு உக்காந்துக்கிடும். முந்தின ராத்திரி லேட்டாப் படுக்க வையுங்க, விடியக்காலம் எழுப்புங்க, பஸ்ல தூங்க விடாதீங்க. தூக்க மருந்து கொடுப்பாங்கன்னா, எத்தனை மணி நேரம் முன்னால சாப்பாட்டை நிறுத்தணும்னு முதல் நாளே கேட்டுக்கணும். நீங்களா வாங்கிக் கொடுக்கக் கூடாது.

கேள்விக்குறை கடுமையா இருந்து, காது மெஷின் போட்டும் பலன் இல்லைன்னா, உள்காதுல கருவி வைக்கிற காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷனை 6 வயசுக்குள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலேயே செய்யலாம். ஆனா ஆறு வரைக்கும் நேரம் இருக்குன்னு அர்த்தம் இல்லை. ஒலியே போகாத மூளை மொழியைப் பிடிக்கிற வயசு அதுக்கு முன்னாலயே கழிஞ்சிரும்.

நாக்கு வெட்டுற விஷயம்: நாக்கு ஒட்டியிருந்தா ல, ர மாதிரி சில எழுத்து திருந்தாது, அவ்வளவுதான். விரல் நீட்டாததுக்கும் பேருக்குத் திரும்பாததுக்கும் நாக்கு காரணம் இல்லை. வசம்பாலயும் பேச்சு வராது.

வள_மையம்_சிறப்பாசிரியர்

காது ஒரு பக்கம் போகட்டும். இன்னொன்னையும் உடனே செய்யணும். எம்-சாட்-ஆர்னு 20 கேள்வித் தாள், ஆட்டிசம் இருக்குமான்னு பாக்கிற முதல்கட்டச் சோதனை, தமிழ்லயும் இருக்கு. அது 16 முதல் 30 மாசப் பிள்ளைக்கு. உங்க பிள்ளைக்கு இப்ப 29. பிள்ளைகளைப் பரிசோதிக்கிற அரசு மருத்துவக் குழு (ஆர்பிஎஸ்கே) மையத்துக்கு வருஷத்துல ரெண்டு தடவைதான் வரும். அதுக்காக உக்காந்திராம ஆரம்ப சுகாதார நிலையம் மூலமா மருத்துவக் கல்லூரியில இருக்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு (வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளைப் பாக்கிற இடம்) சீட்டு வாங்குங்க. தாள்ல மார்க் கூடுதலா வந்தா அது நோய்ப் பேர் இல்லை, மேல பாக்கணும்னு அர்த்தம்.

பேர் தெரியாம ஆரம்பிக்கலாமா? ஆரம்பிச்சே ஆகணும். பேர் எதுவா இருந்தாலும் முதல் மாசம் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் ஒண்ணுதான்.

மணிக்கட்டை இழுக்கான் பாருங்க, அதுதான் உங்களுக்குக் கிடைச்ச பிடி. கண்ணாடி மாதிரி தெரியுற மிட்டாய் பாட்டில்ல அவனுக்குப் பிடிச்ச முறுக்கைச் சின்னச் சின்னத் துண்டா உடைச்சுப் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, கைக்கெட்டுற இடத்துல வையுங்க. அவனால திறக்க முடியாது, உங்க கையைத் தேடுவான். அவன் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மத்த விரலை மெதுவா மடக்கி, பாட்டிலைத் தொட வையுங்க. ‘தா’ன்னு ஒரே சொல், ஒரே தடவை. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. கண்ணைப் பாத்தாலும் சரி, ‘ஆ’ன்னாலும் சரி, கை நீட்டினாலும் சரி, உடனே ஒரு துண்டு. ஒண்ணுதான், முழு முறுக்கைக் கொடுத்தா மறுபடி கேக்க வேலை இல்லை.

வீட்டுல ரெண்டு இடத்துல இதைக் கெடுப்பாங்க. ஒண்ணு, ‘சொல்லு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்’னு அழ வைக்கிறது. அப்ப அவன் படிக்கிறது அழுகையைத்தான். இன்னொண்ணு, ஆச்சி பாவப்பட்டு அவன் கேக்கும் முன்னாலயே எடுத்துக் கொடுக்கிறது. ஆச்சியைத் திட்டாதீங்க, அவங்க கையிலேயே பாட்டிலைக் கொடுங்க. அவங்கதான் நாள் முழுக்க அவன்கூட இருக்காங்க.

தா, வா, போ, தண்ணி, இன்னும், திற: இப்படி எட்டு பத்து சொல் போதும், வீட்டுலயும் மையத்துலயும் அதே சொல். அவன் கண் மட்டத்துல எதிர்ல உக்காந்து பேசுங்க. போன் காட்டிச் சோறு ஊட்டுறது அறவே வேண்டாம். சோறு ஊட்டுற வேளைதான் ஒரு நாளைக்கு மூணு தடவை தானா வர்ற பயிற்சி நேரம்.

முக்கூடல்_சித்தி

இடையில கேக்கேன். எட்டாம் மாசத்துல பிறந்த பெண் பிள்ளை, இப்ப 9 மாசம், இன்னும் உக்காரலை. இதுவும் தாமதமா?

வள_மையம்_சிறப்பாசிரியர்

பிரசவத் தேதின்னு டாக்டர் முதல்ல குறிச்ச நாள்ல இருந்து வயசை எண்ணணும், ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான். ஒன்றரை மாசம் முந்திப் பிறந்திருந்தா இப்ப ஏழரை. உக்காராததை மட்டும் வச்சுப் பயப்பட வேண்டாம். ஆனா கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளயே மடங்கி இருக்கா, ஒரு கையை மட்டும்தான் நீட்டுதா, துணி மாத்தும்போது கால் விறைச்சுக் கத்தரி மாதிரி குறுக்கே போகுதா, பாருங்க. ஒண்ணு இருந்தாலும் இந்த வாரமே காட்டணும். 34 வாரத்துக்கு முந்தியோ 2 கிலோவுக்குக் குறைவாவோ பிறந்திருந்தா, ஒரு மாசத்துக்குள்ள விழித்திரை பாத்தாங்களான்னு டிஸ்சார்ஜ் சீட்டுல தேடுங்க. வாக்கர் வாங்காதீங்க.

களக்காடு_அங்கன்வாடி

நன்றி சார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இப்பவே எடுக்கலாமா? பிள்ளைக்கு முத்திரை குத்திருவாங்கன்னு அப்பா யோசிக்காரு.

மனு_எழுதுறவர்

அட்டை இல்லாமலே பயிற்சி தொடங்கலாம், அவர்ட்ட இதை முதல்ல சொல்லுங்க. 5 வயசுக்குள்ள கொடுக்கிறது பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான், பிறகு திரும்பப் பாப்பாங்க. உதவித்தொகைக்குச் சான்றுல குறைபாடு 40 சதவீதமாவது இருக்கணும். அறிவுசார் குறைபாட்டுக்குத் தமிழக அரசு பராமரிப்புத் தொகை மாசம் 2000 ரூபாய். நிராமயாங்கிற மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்குத்தான், பேச்சுத் தாமதம் மட்டும்னா கிடையாது.

மனு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல. தென்காசிப் பக்கத்து ஆட்கள் அவங்க மாவட்டத்துல கொடுக்கணும். அங்க ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துல சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் உண்டு. மனு திரும்பி வர்றதுக்கு முக்கியக் காரணம் பேர்தான்: பிறப்புச் சான்றுல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற. நீல நிறக் குழந்தை ஆதாரை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் விண்ணப்பிங்க.