கன்று போட்ட இரவு, காது சில்லென்று இருந்தது

கறவைக்காரன்:
என் பசுவுக்கு நான்காம் ஈற்று. சாயங்காலம் சிக்கல் இல்லாமல் கிடேரிக் கன்று போட்டது, நஞ்சுக்கொடியும் மூன்று மணி நேரத்தில் விழுந்துவிட்டது. அதுவரை சொல்ல ஒன்றும் இல்லை.

இரவு பத்து மணிக்குக் கன்றைப் பார்க்கப் போனவன், பசுவின் காதைப் பிடித்துத் தடவிக் கொடுத்தேன். சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது. வெளியே பனி, அதனால்தான் என்று நினைத்தேன். பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தது. ஈன்ற அலுப்பு என்று நினைத்தேன். போய்ப் படுத்துவிட்டேன்.

விடியற்காலை நான்கரைக்குப் பார்த்தால் கீழே படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்து வைத்திருக்கிறது. மூக்கு காய்ந்து கிடந்தது. பால் காய்ச்சல்தான், ஈன்றதும் இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு விழுந்துவிடும் நோய். கால்நடை மருத்துவர் வந்து இதயத் துடிப்பைக் கேட்டபடியே கழுத்து நரம்பில் கால்சியத்தை மெதுவாக ஏற்றினார். பாதி பாட்டில் போகும்போதே சதை நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. அரை மணியில் எழுந்து நின்றுவிட்டது. பிழைத்தது என்று நான் அழுதேவிட்டேன்.

ஆனால் அந்த ஈற்று முழுக்க அது பழைய மாடாக இல்லை. முந்தைய ஈற்றில் ஆறாவது வாரத்தில் 18 லிட்டர் கறந்தது, இந்த முறை 13-ஐத் தாண்டவில்லை. இருபதாம் நாள் ஒரு காம்பில் மடிநோய். பருவத்துக்கு வர நூறு நாளுக்கு மேல் ஆனது. ஒரே இரவு கீழே கிடந்ததற்கு இவ்வளவா? உங்கள் மாடுகளுக்கு எப்படி இருந்தது?

மூன்று பசு:
உங்கள் மாடு எழுந்ததே பெரிய விஷயம், அண்ணா. எங்கள் பசு படுத்தபோது மருத்துவர் வர நேரமாகும் என்றார்கள். வீட்டில் கால்சியம் திரவம் இருந்தது. நானும் தம்பியுமாகத் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினோம். பாதி உள்ளே போனதும் ஒரு இருமல் இருமியது. ஈரமான, அடைத்த இருமல். பால் காய்ச்சலில் தொண்டையும் சோர்ந்துவிடும், விழுங்க முடியாது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. கால்சியம் ஏற்றியதும் எழுந்தது. நுரையீரலில் போனது போனதுதான், நான்காம் நாள் செத்துவிட்டது. படுத்த மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

விடிகாலை:
எனக்கு நஞ்சுக்கொடியில் வந்தது வினை. மறுநாள் மதியம் வரை தொங்கிக்கொண்டே இருந்தது, நாற்றம் வேறு. தெரிந்தவர் ஒருவர் கையை விட்டு எடுத்துத் தருகிறேன் என்றார், சரி என்றேன். இழுக்க இழுக்கத் துண்டு துண்டாக வந்தது. கடைசியில் ‘முழுசும் வந்துவிட்டது’ என்று கையைக் கழுவினார். ஐந்தாம் நாள் சாக்லேட் நிறத்தில் நீராக ஒழுகியது, காய்ச்சல், தீவனத் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாடு பிழைத்தது. நான்கு முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை.

கறவைக்காரன் அண்ணா, ஒன்று சொல்கிறேன். கடைசி இரண்டு மாதமும் தினம் கால்சியம் டானிக் கொடுத்திருந்தால் உங்கள் மாடு படுத்தே இருக்காது. நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

சீம்பால்:
விடிகாலை, உங்கள் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதை நம்பித்தான் நானும் ஒரு மாட்டைக் கீழே தள்ளினேன். ஐந்தாம் ஈற்று மாடு, சினையின் கடைசி மாதம் முழுக்கக் கையால் கால்சியம் கொடுத்தேன், கன்று போட்ட பத்தாவது மணி நேரம் படுத்துவிட்டது. மருத்துவர் முதலில் கேட்டதே ‘கால்சியம் கொடுத்தீர்களா?’ என்றுதான். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

அன்று அவர் சொன்னதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். ஒரு பசுவின் இரத்தத்தில் ஓடுகிற கால்சியம் மொத்தமே ஏறக்குறைய 3 கிராம். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் போய்விடும். எட்டு லிட்டர் சீம்பால் இறங்கினால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தப் பள்ளத்தை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் இழுத்துத்தான் உடம்பு நிரப்ப வேண்டும். அந்த வேலைக்கு ஒரு ஹார்மோன் இருக்கிறது. கடைசி மாதம் வாய்வழியாகவே தாராளமாகக் கால்சியம் வந்துகொண்டிருந்தால் அந்த ஏற்பாடு வேலையே இல்லாமல் சும்மா கிடக்கும். ஈன்ற அன்று திடீரென்று எழுப்பினால் விழிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மாடு விழுந்துவிடும். வயதான மாட்டுக்கு இது இன்னும் மெதுவு, அதனால்தான் தலைச்சன் ஈற்றில் அதிகம் பார்க்க மாட்டோம், மூன்றாம் ஈற்றுக்கு மேல் பார்க்கிறோம். ஆகவே கடைசி மூன்று வாரம் கால்சியத்தைக் கொட்டக் கூடாது, மக்னீசியம் குறையக் கூடாது. அந்த நாட்களுக்கென்றே தனித் தாது உப்புக் கலவை இருக்கிறது, அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கறவைக்காரன், உங்கள் ‘இவ்வளவா’ என்ற கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. கால்சியம் கால் சதைக்கு மட்டும் இல்லை. காம்பு நுனி மூடுவதற்கும், வயிறு அசைவதற்கும், கருப்பை சுருங்குவதற்கும், கிருமியை எதிர்க்கும் அணுக்களுக்கும் அதுதான் வேண்டும். காம்பு சரியாக மூடாமல் தரையில் கிடந்ததால் மடிநோய்க்கு வழி. வயிறு மந்தமானதால் தீவனம் குறைந்தது, தீவனம் குறைந்ததால் பால் ஏறவில்லை, பருவம் தள்ளிப்போனது. உச்சக் கறவையில் ஒரு லிட்டர் குறைந்தால் ஈற்று முழுக்க 200 லிட்டர் போல் குறையும் என்று கணக்குச் சொல்வார்கள். உங்களுக்கு ஐந்து லிட்டர் குறைந்திருக்கிறது.

விடிகாலை, நஞ்சுக்கொடி விஷயத்திலும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரம் தாண்டினாலும் இழுக்கக் கூடாது. கருப்பைச் சுவரில் ஒட்டிய துண்டுகள் உள்ளேயே தங்கிப் புண்ணாகும். தரையில் புரளாமல் வெளியே தொங்குவதை மட்டும் வெட்டிவிட்டு, பத்து நாள் தினமும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 39.5 டிகிரி செல்சியஸ், அதாவது 103 பாரன்ஹீட் தாண்டினால் உடனே மருத்துவர்.

விடிகாலை:
டானிக் கொடுத்து எனக்கு இரண்டு மாடு நன்றாகத்தான் ஈன்றது. இரண்டும் இரண்டாம் ஈற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இழுத்தது தவறுதான், அதை நீங்கள் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

தீவனத்தொட்டி:
என் மாடு படுக்கவே இல்லை. அதனால்தான் எனக்குத் தெரியாமல் போனது. பால் வற்றிய காலத்தில் கொழுகொழுவென்று இருந்தது, எல்லோரும் பார்த்துப் பாராட்டினார்கள், எனக்கும் சந்தோஷம். கன்று போட்ட பத்தாம் நாள் அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் கடித்தது. பால் கறக்கும்போது முகத்தைத் திருப்பி என் தோளில் மூச்சு விட்டது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை. என் மகள்தான் ‘மாடு ஏன் இப்படி மணக்கிறது?’ என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

கீட்டோசிஸ். பால் எட்டு வாரத்துக்குள் உச்சிக்குப் போய்விடும், பசியோ அதற்கும் பின்னால்தான் ஏறும். நடுவில் உள்ள பற்றாக்குறைக்கு உடம்புக் கொழுப்பு கரைகிறது. கொழுத்த மாட்டில் வேகமாகக் கரைந்து ஈரலில் தேங்கிவிடும். நான் ஒரு வாரம் விட்டுவிட்டேன். எலும்பும் தோலுமாக ஆன பிறகுதான் மருத்துவரைக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் ஈன்ற மாட்டின் தொட்டியில் மீதம் எவ்வளவு என்பதைப் பார்த்த பிறகுதான் பால் பாத்திரத்தைப் பார்க்கிறேன்.

கறவைக்காரன்:
பல மாதம் கழித்து வருகிறேன். அந்த மாடு நேற்று மாலை ஐந்தாம் ஈற்று ஈன்றது. இந்த முறை கடைசி மூன்று வாரம் கால்சியம் எதுவும் தரவில்லை, மருத்துவர் சொன்ன கலவை மட்டும். கன்று போட்டதும், நின்றுகொண்டிருக்கும்போதே, கால்சியம் உருண்டை ஒன்று கொடுத்தோம், நன்றாக விழுங்கியது. காலையில் இன்னொன்று கொடுத்தோம். கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்திலேயே சீம்பால் போய்விட்டது.

இரவு பத்துக்குப் போய்க் காதைப் பிடித்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பன்னிரண்டுக்கும் அப்படியே. இரண்டு மணிக்கு அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது, என்னைப் பார்த்ததும் தானாக எழுந்து நின்றது. இன்று இரவும் அலாரம் வைத்திருக்கிறேன்.