டேட்டா அசிமிலேஷன்: "தரவியைப்பு" என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலில் அளந்த தரவையும் கணினிக் கணக்கீட்டையும் பொருத்திக் கடலின் நிலையைக் கணிக்கும் முறைதான் டேட்டா அசிமிலேஷன். கடலியல் கட்டுரைகளில் இதைத் "தரவு உள்வாங்கல்" என்று எழுதலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. கடல் உள்வாங்கியது என்றால் நம் கரையோர மக்களுக்கு நீர் பின்வாங்கியது என்றுதான் பொருள். சுனாமிக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே பதறுவார்கள்.

இதைவிடப் பெரிய காரணம், அங்கே நடக்கும் வேலை. உலகக் கடல்களில் தானாக மூழ்கி எழுந்து அளவெடுக்கும் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழ 4000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போகும். சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, மேலேறும்போது வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்பும். இந்தியாவில் இந்தத் தரவைக் கையாள்வது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல்சார் தகவல் மையம். ஆனாலும் இரண்டு மிதவைகளுக்கு நடுவே சுமார் 300 கி.மீ. வெறும் கடல்தான். அந்த இடத்தைக் கணினி மாதிரிதான், அதாவது கடலின் இயக்கத்தைச் சமன்பாடுகளால் கணக்கிடும் நிரல்தான், நிரப்ப வேண்டும். மாதிரியிலும் பிழை உண்டு, அளவீட்டிலும் பிழை உண்டு. எதில் எவ்வளவு என்று மதிப்பிட்டு, அதற்கேற்ப எடை கொடுத்து, இரண்டோடும் பொருந்தும் கடல்நிலையைக் கணிக்கிறார்கள். பருவநிலை முன்கணிப்பு தொடங்குவது அங்கிருந்துதான். சந்தேகமான அளவீட்டைத் தள்ளிவிடுவதும் இதில் அடக்கம்.

வந்ததையெல்லாம் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1982 போதும். மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வளிமண்டலத்தில் கக்கியது செயற்கைக்கோள் அளவீட்டைக் குழப்ப, சூடேறிய பசிபிக் இருந்ததைவிடக் குளிர்ந்ததாகத் தெரிந்தது. எல் நினோ என்பது நிலநடுக்கோட்டுப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடேறுவது. அந்த ஆண்டின் பெரிய எல் நினோ உச்சத்தை நெருங்கும்வரை பிடிபடவே இல்லை. அதன் பிறகுதான் நிலநடுக்கோட்டுப் பசிபிக்கில் நங்கூரமிட்ட மிதவை வரிசை அமைத்தார்கள். அது முழுமையடைந்தது 1994இல்.

அதனால் என் பரிந்துரை "தரவியைப்பு". இயைதல் என்றால் பொருந்துதல். எடைபோட்டுப் பொருத்தும் வேலைக்கு இது சரியாக அமைகிறது. உயிரியலில் வழங்கும் "தன்மயமாதல்" ஒன்று மற்றொன்றாகவே மாறிவிடுவதைச் சொல்வதால் இங்கே ஒட்டாது. "ஒருங்கிணைப்பு" வெறுமனே சேர்த்துவைப்பதற்கும் வரும். தரவை இயைத்தார்கள், இயைப்புச் சுழற்சி, இயைப்புப் பிழை என்று இயல்பாக வளர்க்கவும் முடிகிறது.

அப்புறம், இந்தத் துறையில் அனாலிசிஸ் என்பது இயைத்தபின் கிடைக்கும் கடல்நிலை. அதைப் "பகுப்பாய்வு" என்றால் படிப்பவர் வேறு எதையோ நினைப்பார். "இயைநிலை" எனலாமா? பழைய ஆண்டுகளின் தரவை ஒரே முறையில் திரும்ப இயைக்கும் ரீஅனாலிசிஸுக்கு "மீளியைப்பு" சரிவருமா? மாதிரிகளோடு நேரடியாக வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.