'பேங்க்கர்' என்பதற்கு 'ஏற்பாளர்': ஒரு முன்மொழிவு

குழுவினர்க்கு வணக்கம்.

ஆட்டக்காரர்கள் தமக்குள்ளேயே பணயம் வைத்து ஆடும் கேசினோ சீட்டாட்டங்களைப் பற்றிய பதிவுக்கு, 'பேங்க்கர்' என்பதை 'வங்கியாளர்' என்று எழுதலாம் என முந்தைய மடலில் ஐயா அவர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். வங்கியாளர் கடன் கொடுப்பவர். சீட்டாட்டப் பேங்க்கரோ மேசையில் உள்ள மற்ற அனைவருடைய பணயத்துக்கும் எதிர்நின்று, தோற்றவரிடம் வாங்கி, வென்றவருக்குக் கொடுப்பவர். ஆகவே 'பணயம் ஏற்பவர்' என்ற பொருளில் 'ஏற்பாளர்' என்பதை முன்வைக்கிறேன்.

இச்சொல்லைப் பை காவ் போக்கரில் பொருத்திப் பார்க்கலாம். கலிபோர்னியாவின் பெல் நகரச் சீட்டாட்ட விடுதியில் 1985-இல் சாம் டொரோசியன் உருவாக்கிய ஆட்டம் அது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அம்மாநிலச் சட்டம் விடுதியே ஏற்பாளராக இருப்பதைத் தடுப்பதால், அங்குள்ள சீட்டாட்ட விடுதிகளில் அந்த இடம் ஆட்டக்காரர்களுக்கு முறைவைத்து அளிக்கப்படுகிறது, வேண்டாதவர் விட்டுவிடலாம். ஜோக்கரோடு 53 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒவ்வொருவரும் ஏழு சீட்டுகளைப் பெற்று, ஐந்து சீட்டுகள் கொண்ட கை, இரண்டு சீட்டுகள் கொண்ட கை எனப் பிரித்து வைப்பார்கள். இரு கைகளும் ஏற்பாளருடையவற்றை வென்றால்தான் பணம். ஒன்று வென்று ஒன்று தோற்றால் பணயம் அப்படியே திரும்பிவிடும். ஒரு கை இருவருக்கும் சமமாக அமைந்தால் அந்தக் கை ஏற்பாளருக்கே உரியது. அத்தனை பேருக்கும் பணம் கொடுக்க வேண்டிய இடரைத் தலைமேல் போட்டுக்கொள்பவருக்கு இந்தச் சிறு சாதகம்கூட இல்லையென்றால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள்? புதிய ஆட்டம் வகுப்பவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே. இடரையும் சாதகத்தையும் சேர்த்தே குறிப்பதனால்தான் 'ஏற்பு' எனக்கு உகந்ததாகப் படுகிறது.

இதையொட்டி, விடுதியே ஏற்பாளராக நிற்கும் பிளாக்ஜாக் போன்ற சீட்டாட்டங்களை 'விடுதியேற்பு ஆட்டம்' என்றும், மேற்சொன்ன வகையை 'முறையேற்பு ஆட்டம்' என்றும் அழைக்கலாம். வழக்கமான போக்கரில் ஏற்பாளரே இல்லை; எல்லாரும் நடுவில் குவிக்கும் தொகை வென்றவரைச் சேர்வதால் அது 'பொதுப்பணய ஆட்டம்'.

ஆட்டம் நடத்தும் விடுதி எடுத்துக்கொள்ளும் வருவாயை 'ஆயம்' எனலாம் என்ற பரிந்துரையும் வந்துள்ளது; அது அழகானதுதான். ஆயினும், "உருளாயம் ஓவாது கூறின்" என்னும் குறளில் அது ஆடுபவருக்குக் கிடைப்பதைக் குறிப்பதால் குழப்பம் நேரும். (சூதாடும் இடத்துக்கு வள்ளுவர் ஆளும் 'கழகம்' என்ற சொல்லை இன்று யாரும் பரிந்துரைக்கத் துணிய மாட்டார்கள்!) குவிந்த தொகையில் விழுக்காட்டளவில் எடுப்பதைப் 'பிடித்தம்' என்றே சொல்லலாம், சம்பளப் பிடித்தம் எல்லாருக்கும் தெரிந்ததே. கலிபோர்னிய விடுதிகள் விழுக்காடு எடுக்கக் கூடாது என்பதால், ஆட்டம் தொடங்குமுன்பே வரையறுத்து வாங்கும் தொகைக்கு 'ஆட்டக் கட்டணம்' எனத் தனிச்சொல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் சட்டம் பற்றிய பகுதியை எழுதவே முடியாது.