கண் மூடிய கோழிக்கு ஊட்டிய கதை

வீட்டுக் கோழிக்கு நோய் கண்டு பார்த்துக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

மலேசியாவில், புக்கிட் மெர்தாஜத்தில் வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். மழை விடாமல் பெய்த நாள்களில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. அப்போதுதான் ஒரு விடைக்கோழியின் கொண்டையில் மிளகு ஒட்டினாற்போல் பருக்கள் தெரிந்தன. மாமியார் பார்த்ததுமே, "அம்மை போட்டிருக்கும்மா" என்றார். பருக்கள் தடித்து, கருத்து, பொருக்காகி இமை வரை ஏறின. இடது கண் மூடியது, அப்புறம் வலதும் மூடிக்கொண்டது.

இது வைரஸ் நோய். பெரும்பாலும் கொசுதான் பரப்பும். மனிதருக்கு ஒட்டாது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தோலில் மட்டும் வந்தால் 2 முதல் 4 வாரத்தில் தானாக ஆறிவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாக வரும் வகைதான் மூச்சை அடைத்துக் கொல்லும். அதனால் தினமும் காலையில் அலகைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய் சுத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் கண் தெரியாத கோழி தீனியைத் தேடிப் போகாது, தண்ணீர் காலடியில் இருந்தாலும் குடிக்காது. அம்மையில் செத்ததாக நாம் நினைக்கும் கோழிகளில் பல பட்டினியால்தான் செத்திருக்கும் என்றே நம்புகிறேன். சாயங்காலம் அடையும் நேரத்தில் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள், நிறைந்து புடைத்திருக்க வேண்டும். இதற்கு வெறும் தோலாகத் தொங்கியது.

தனிக் கூண்டில் விட்டுக் கொசுவலையால் மூடினோம். குஞ்சுத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு பிசைந்து, சிறு உருண்டையாக்கி அலகின் ஓரத்தில் வைத்தேன். துண்டால் சிறகைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் திமிறாது. தண்ணீரை மட்டும் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அலகு நுனியை நனைத்தால் போதும், தானே தலையைத் தூக்கி விழுங்கும். கண்ணை இளஞ்சூடான உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றினேன். கொண்டையில் இருந்த பொருக்குக்கு அயோடின் தடவினேன். மாமியார் சொன்னபடி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கண்ணில் படாமல் பூசினேன்; அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

பொருக்கைப் பிய்க்கவே கூடாது. புண்ணாகும், அதோடு உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும். தானாக விழுந்ததைப் பொறுக்கி எரித்தோம். பரு காணாத மற்றக் கோழிகளுக்கு இறக்கைச் சவ்வில் குத்தும் தடுப்பூசி இருக்கிறது, அதையும் போட்டுவிட்டோம்.

வலது கண்தான் முதலில் ஒரு கீற்றுத் திறந்தது. அன்று நான் உருண்டையை நீட்டுவதற்குள் அதுவே என் விரலைக் கொத்திவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பட்டர்வொர்த்திலிருந்து:

அக்கா, உங்கள் கோழி பிழைத்ததில் ரொம்பச் சந்தோஷம். எங்களுக்கு வந்தது வெள்ளைக்கழிச்சல். பச்சையாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கழுத்தும் திருகிக்கொண்டது. ஊட்டிப் பார்த்தும் பயனில்லை, இதற்கு முன்கூட்டிப் போடும் தடுப்பு மருந்துதான் வழி. கம்போங் கோழிகளுக்காகவே, அதாவது கிராமத்து நாட்டுக்கோழிகளுக்காகவே, வெப்பம் தாங்கும் வி4 தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையை 1980களில் நம் விவசாயப் பல்கலைக்கழகத்தில்தான் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். இன்னொன்று, கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் அறுத்துப் பார்க்காமல் உடனே கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். 2004-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தது கம்போங் கோழிகளில்தான். வெள்ளைக்கழிச்சலா பறவைக் காய்ச்சலா என்று வெறும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஆயர் ஈத்தாமிலிருந்து:

எங்களுக்குக் குஞ்சுகளில்தான் சோதனை. இறகு சிலிர்த்து மூலையில் குன்றி நின்றன, எச்சத்தில் இரத்தம். இரத்தக் கழிச்சல் என்று கால்நடை மருத்துவர் சொல்லி, ஆம்புரோலியம் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னார். கேட்டது. ஆனால் அடியில் மரத்தூள் ஈரமாகவே கிடந்ததால் மறுபடியும் வந்தது. மொத்தத்தையும் வாரிக் கொட்டி, தரையைக் காயவிட்டு, தண்ணீர்த் தட்டைக் கல்மேல் உயர்த்தி வைத்த பிறகுதான் நின்றது.